பல் தேய்ச்சு விடுற வேலைக்கு மூணு வருஷப் படிப்பா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள கமலா,

கடிதத்தை எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அதுதான் புத்தி. தபாலை நம்பியிருந்தால் பிரியாவின் கல்யாணத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். எழுதுவதானால் தமிழில்தான் எழுத வேண்டும் என்று தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் கொடுத்த வாக்கை நாம் இரண்டு பேர் மட்டும்தான் இன்னும் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறேன். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, கோயில் நோட்டீஸா என்று கேட்டுவிட்டுப் போனான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பிரியா ஓரல் ஹைஜீன், அதாவது பல்லையும் ஈறையும் சுத்தம் செய்து நோய் வராமல் காக்கும் படிப்பு, படிக்க ஆசைப்படுகிறாள், உன் வீட்டுக்காரர் "பல் தேய்ச்சு விடுற வேலைக்கு மூணு வருஷப் படிப்பா?" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் சேர்ந்தபோது எங்கள் மாமாவும் இதையேதான் கேட்டார். அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நாற்காலி பக்கத்தில் நின்றும், இப்போது மாணவர்களை மேய்த்தும் வருவதால் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் அவருக்கு வேண்டிய விவரம். இங்கே வெஸ்ட்வில் வளாகத்தில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு மூன்று வருடம். நம் காலத்து டர்பன்-வெஸ்ட்வில்தான் அது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். உங்கள் பக்கம் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிரிட்டோரியாவிலும் இருக்கிறது. கேப்டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில். முடித்ததும் நாட்டின் சுகாதாரத் தொழிலர் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்துகொண்டால்தான் வேலை. பல் பிடுங்குவதும் சொத்தையை அடைப்பதும் டென்டல் தெரபிஸ்ட் வேலை, அது வேறு படிப்பு. பிரியா இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கட்டும்.

முதல் வருடம் பார்த்தால் பெரும்பாலும் புத்தகம்தான். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிர், பற்களின் வடிவம். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்கத்தில் எண் உண்டு. மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4, அதற்குப் பக்கத்தில் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 46 என்றால் கீழ் வலது முதல் பெரிய கடைவாய்ப்பல். அது ஆறு வயது வாக்கில் எந்தப் பால்பல்லையும் தள்ளாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். பாதி அம்மாமார் அதைப் பால்பல் என்றே நினைக்கிறார்கள், விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் பத்து வயதுக்குள் குழியாகிவிடுகிறது. அதன் மேல்பக்கப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துவிடுவதை இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்கே போய்ச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்று வருடத்தில் படிப்பதிலேயே நாட்டுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு இது போரடிக்கும். பல்லில் படிந்ததை எடுக்கும் ஸ்கேலர் கருவியைப் பிடித்துச் சுரண்டத்தான் கை துறுதுறுக்கும்.

சுரண்டல் தொடங்குவது பொம்மைத் தலையில். ரப்பர் கன்னம், பிளாஸ்டிக் பல், வலித்தாலும் கத்தாது. பேனா பிடிப்பதுபோல் கருவியைப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்ற வேண்டும். அந்த ஊன்றல் இல்லாமல் யாராவது கையை அந்தரத்தில் வைத்தால் நான் பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன், தோள் தூக்கிக்கொள்ளும். ஊன்றாத கை வழுக்கினால் ஈறு கிழியும். மேல் கடைவாயின் உள்பக்கத்தை நேரே பார்க்க முடியாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது எதிர்ப்பக்கம், கை போக வேண்டியது இந்தப் பக்கம். முதல் சில வாரங்களில் சிலர் கண்ணீர் விடுவதும் உண்டு. குனிந்து குனிந்து பார்ப்பவர்களை அதட்டி நிமிர்த்துவதே என் பாதி வேலை. இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் கழுத்தும் முதுகும் போய்த்தான் போகிறார்கள்.

மின்சாரத்தில் நடுங்கி நீர் பீய்ச்சும் அல்ட்ராசோனிக் கருவி இருக்கும்போது கையால் சுரண்ட ஏன் இவ்வளவு பாடு என்று ஒவ்வொரு வருடமும் ஒருத்தர் கேட்பார். கரண்ட் அட்டவணை போட்டுப் போய்க்கொண்டிருந்த வருடங்களில் நான் பதிலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோயாளி வாயைத் திறந்து படுத்திருப்பார், விளக்கும் கருவியும் ஒன்றாக அணையும். ஜன்னல் வெளிச்சத்தில் கைக்கருவியோடு முடித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் இருந்தாலும் கடைசியில் சரிபார்ப்பது விரல்தான்.

இதை உன் வீட்டுக்காரருக்கு அழுத்திச் சொல்லு. கண்ணுக்குத் தெரிகிற காரையை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாயின் கன்னப் பக்கத்திலும்தான் அது அதிகம் படியும், உமிழ்நீர் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. வம்பு ஈறுக்கு அடியில் இருப்பது. அங்கே எதுவும் தெரியாது. மெல்லிய கருவியை வேர் மேல் வழியவிட்டால், சோற்றில் கல் நெருடுவதுபோல ஒரு நெருடல் விரலுக்கு வரும். அது காரையா, பல்லின் இயல்பான விளிம்பா, பழைய அடைப்பின் ஓரமா என்று விரல்தான் சொல்ல வேண்டும். ஈறுக்கு அடியில் சுரண்டும் கியூரெட் என்ற கைக்கருவிக்கு வேறு எண்கள். 11/12 கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 அதே பல்லின் பின்பக்கத்துக்கு. முனையில் இரண்டு விளிம்பு இருந்தாலும் வெட்டுவது ஒன்றுதான். தப்பான விளிம்பை வேர் மேல் வைத்தால் மணிக்கணக்கில் இழுத்தாலும் ஒன்றும் வராது. மழுங்கினால் சாணைக் கல்லில் தீட்டவும் அவர்களேதான் தீட்ட வேண்டும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மில்லிமீட்டர் கோடு போட்ட புரோப் என்ற மெல்லிய கருவியால் அளக்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். 3 வரை சரி, 4, 5 என்று ஏறினால் எலும்பு கரைகிறதா என்று எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 32 பல்லும் இருந்தால் 192 அளவு. ஒருத்தர் அளந்து சொல்ல இன்னொருத்தர் எழுதுவார். "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று ஓதுவதைக் கேட்டால் வாய்ப்பாடு வகுப்பு மாதிரி இருக்கும். அழுத்தம் 20, 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தராசில் அழுத்திப் பழக வைப்பேன். முதல் முறை எல்லாருமே அதிகமாகத்தான் அழுத்துவார்கள். பிறகு ஒருத்தர் வாயில் ஒருத்தர் பழகும்போது கை தானாக இலகுவாகிவிடும், அடுத்த முறை தன் வாய் அவர் கையில் அல்லவா!

உயிருள்ள நோயாளியிடம் வந்ததும் முதல் வேலை பல்லைப் பார்ப்பது அல்ல, கேள்வி கேட்பது. என்ன மாத்திரை? ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிறாரா? கர்ப்பமா? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் போடுகிறவருக்கும் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் போடுகிறவருக்கும் ஈறு தடித்து வளரலாம். நம் டர்பன் ஜனங்களுக்குச் சர்க்கரை நோய் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது இன்னும் கஷ்டம். இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் முதல் அடையாளத்தை, நாக்கோரத்து வெள்ளைக் கோடுகளையோ வெண்படலத்தையோ, சில சமயம் இந்த நாற்காலியில்தான் பார்க்கிறோம். அதனால் எல்லாரையும் ஒரே எச்சரிக்கையோடு தொடுவது, கருவிகளை 134 டிகிரி சூட்டில் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைத்துக் கிருமி நீக்குவது, கையில் குத்திக்கொண்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து, இதெல்லாம் தூக்கத்திலும் ஒப்பிக்கும் பாடம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த்துக்காரர் ஒரு ஆயா, மூன்றாம் வருடப் பெண்ணிடம் வந்தார். பல் கறுத்திருக்கு, வெளுக்கணும், பேத்தி கல்யாணம் வருது என்றார். இந்தப் பெண் கருவியை எடுக்காமல், கிளவுஸ் போட்ட விரலைக் கன்னத்தின் உள்ளே விட்டுத் தடவினாள். வெளிறியிருந்தது, தோல்பை மாதிரி விறைப்பு. "ஆயா, வாயை நல்லாத் திறங்க" என்றாள். அவர் முழுசாகத் திறந்ததே அவ்வளவுதான். அவருடைய மூன்று விரலை நெடுக்காக வைக்கச் சொன்னாள், இரண்டுதான் நுழைந்தது. "காரம் எரியுதா?" "ரசமே எரியுதும்மா. வயசாச்சுல்ல." மடிப்பையில் பாக்குப் பொட்டலம் இருந்தது. புகையிலை இல்லை, வெறும் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும்தான்.

பாக்கு அதிகம் மெல்பவர்களுக்கு வாயின் உள்தோல் இப்படி நாராக இறுகும். பாக்கை விட்டாலும் இறுகியது பழையபடி இளகாது, அதிலிருந்து புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு. 1980களிலேயே இங்குள்ள இந்தியர்களிடம், அதுவும் பெரும்பாலும் பெண்களிடம், இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் வைத்தது. அதற்குப் பிறகும் பூசைத் தட்டில் வைப்பதுதானே, அதில் என்ன கெடுதல் என்று என்னிடமே வாதாடும் அத்தைமார் இருக்கிறார்கள். பூசைத் தட்டோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்தப் பெண் அன்று ஒரு பல்லைக்கூடச் சுத்தம் செய்யவில்லை. கடிதம் எழுதி ஆயாவை மேல்சிகிச்சைக்கு அனுப்பினாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

உன் மாமியாருக்கு இப்போதெல்லாம் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை, எரிகிறது என்று எழுதியிருந்தாய். அவர் பாக்கு மெல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று விரல் நுழைகிறதா பார். நுழைந்தாலும் சரி, ஷார்லட் மக்ஸேக்கி மருத்துவமனையில் விட்ஸ்காரர்களின் பல் பிரிவு இருக்கிறது, அழைத்துப் போய்க் காட்டு. தள்ளிப் போடாதே.

பேச்சு என்று ஒரு பாடம் உண்டு, அதில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளே தடுக்கி விழுகிறார்கள். "தினமும் ரெண்டு தடவை தேய்க்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், நீயும் நானும் உட்பட. அப்படிக் கேட்காமல் பல்லில் நிறத் திரவத்தைத் தடவிக் கையில் முகக் கண்ணாடியைக் கொடுக்க வேண்டும். அழுக்கு இருக்கிற இடமெல்லாம் ஊதாவாகத் தெரியும். அவரே பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துக் காட்டட்டும், எந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்று அவரே பார்த்துக்கொள்வார். பிறகு பிரஷ்ஷை ஈறு ஓரமாக 45 பாகை சாய்க்கச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். திட்டினால் அடுத்த தவணைக்கு வரமாட்டார். குழந்தையைச் சர்க்கரைத் தேநீர்ப் புட்டியோடு தூங்க வைக்கிற அம்மாவிடம் பேசுவது இதைவிடக் கஷ்டம். அவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டாக்ஸி பிடிக்கிறவள், அந்தப் புட்டி இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கமே இல்லை. முதலில் சர்க்கரையைக் குறைத்துப் பிறகு வெறும் தண்ணீருக்கு மாற்று என்று படிப்படியாகத்தான் சொல்ல முடியும். சூலு தெரியாமல் இதெல்லாம் நடக்காது. பல்கலைக்கழகத்தில் 2014லிருந்து புதிதாகச் சேரும் எல்லாருக்கும் சூலு கட்டாயம். "வூலா உம்லோமோ", வாயைத் திறங்க, என்பதோடு நிற்காமல் கதை பேசும் அளவுக்குக் கற்றுக்கொள்ளட்டும்.

உன் வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது என்று வேண்டுமானால் ஒத்துக்கொள். இந்தத் தொழில் பல் சுத்தம் செய்வதில்தான் பிறந்தது. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இதைப் பழக்கினார். 1913இல் முதல் வகுப்பை நடத்தியது தன் கார் கொட்டகையில். கொட்டகையிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்திருக்கிறது என்று சொல்லிப் பார், அவருக்கு இப்படிப்பட்ட கதை பிடிக்கும்.

சம்பளம் கேட்டிருந்தாய். தனியார் கிளினிக்கா, அரசு மருத்துவமனையா என்பதைப் பொறுத்து ரொம்பவே மாறும். அதை அங்கேயே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக்கொள், என் பேச்சை நம்பிக் கணக்குப் போடாதே.

டர்பனுக்கு அனுப்புவதானால் விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான், விட்ஸுக்கு நேராக அவர்களிடமே. எங்கே போட்டாலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிரியா இடது கைக்காரி அல்லவா? நாற்காலி, தட்டு, உறிஞ்சு குழாய் எல்லாம் வலது கைக்காரருக்கு ஏற்றபடிதான் பெரும்பாலும் பொருத்தியிருக்கும். இடது கைக்காரர் நோயாளியின் மறுபக்கம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், கருவிகள் சரிதான், நாற்காலிதான் இடிக்கும். இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய நாற்காலி அவர்கள் கிளினிக்கில் எத்தனை இருக்கிறது, இடது கைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று சேருவதற்கு முன்பே கேட்கட்டும். ஜூலை விடுமுறைக்கு இங்கே வந்தால் நானே என் நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுகிறேன். வரும்போது உன் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சரோஜா