யார் பக்கத்தில் உட்காருகிறாய், தம்பி?

தம்பி,

பொங்கலுக்கு வந்திருந்தபோது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தோமே, அங்கே நடந்ததை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், தங்கச்சி கூட நின்றதால் விட்டுவிட்டேன். கூட்டத்தில் கடைக்காரர் 100 ரூபாய் அதிகமாக மீதி கொடுத்தார். நீ எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாய். நான் பார்த்ததும், "அவருக்கு இதெல்லாம் ஒரு காசாப்பா, நம்ம என்ன திருடினோமா" என்றாய். காசைவிட அந்தப் பேச்சுதான் உறுத்துகிறது. அது உன் பேச்சு இல்லை, போனில் உன் ரூம் பையன்கள் பேசுவது கேட்கும்போது இதே தொனி காதில் விழுந்திருக்கிறது.

எனக்கும் இப்படி ஒட்டிக்கொண்ட பேச்சு உண்டு. 1984-ல், 15 வயதில், மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்துத் தையல்காரர்களிடம் பட்டன் துளை தைக்கிற காஜா பையனாகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் பங்குனி பிறந்துவிட்டால் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. அழகருக்கு வேண்டிக்கொண்டு வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் மேலூர், உசிலம்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து இடுப்புக்குச் சல்லடமும் தலைக்கு உருமாவும் தைக்கக் கொடுப்பார்கள். நான் முதலில் உட்கார்ந்த மிஷின்காரர், இரண்டரை மீட்டர் போதுமென்றால் 3 மீட்டர் எடுத்துவரச் சொல்வார். மிச்சம் அவருக்கு. "எல்லாரும் செய்றதுதான்டா, கூலியில சேத்தி" என்பார். கெட்டவர் இல்லை. தன் சாப்பாட்டில் பாதியை தினமும் எனக்கு ஒதுக்கினவர், அதனாலேயே அவர் செய்தது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. ஆறே மாதத்தில் நானும் வருகிறவர்களிடம் 3 மீட்டர் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு தூண் தள்ளி ஒரு பாயிடம் மாறினேன். அவர் மிச்சத் துண்டுகளைச் சுருட்டி, தைத்த உடுப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். "அழகருக்குன்னு எடுத்த துணில்ல" என்பார், அவ்வளவுதான். எனக்கு ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 3 மீட்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் முதல் தடவை இரண்டரை என்று சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா பிறவியிலேயே நேர்மையானவர் என்று நீ நினைத்திருந்தால், இல்லை தம்பி. அங்கே உட்கார்ந்த மூன்று வருஷம் கொடுத்தது அது.

ரூமை மாற்று என்று சொல்லவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பையன்கள், அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாசத்தில் அவர்கள் சொல்வதெல்லாம் உனக்குச் சரியாகவே படும், எனக்குப் பயம் அங்கேதான். உன் ஆபீஸிலும் அந்த பாய் மாதிரி ஒருத்தர் இருப்பார். சத்தம் போடாத ஆளாக இருப்பார், தேடித்தான் பார்க்க வேண்டும். டீ குடிக்கிற நேரத்திலாவது அவர் பக்கம் போய் நில்.

அந்த 100 ரூபாயை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கடைக்காரருக்கு நினைவே இல்லை, வாங்கிக்கொண்டார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது அந்தப் பையன்களையும் கூட்டி வா. மொட்டை மாடியில் எல்லாரும் படுத்துக்கொள்ளலாம், விடியுமுன்னே எழுந்து ஆற்றுக்குப் போக அதுதான் வசதி. எத்தனை பேர் என்று மட்டும் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா