ஒத்திகைக்கு ஓர் அறை வேண்டும்: யாழ்ப்பாண மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வருக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு சிறிய நாடகக் குழுவைச் சேர்ந்தவள். எங்களைப் போன்ற குழுக்களும் வாசகர் வட்டங்களும் பிள்ளைகளுக்கு இலவசமாக மாலை வகுப்பு நடத்தும் அமைப்புகளும் நகருக்குள் ஓர் இடம் தேடிப் படும் பாட்டைச் சொல்லவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மண்டபம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டுறவாளர்களின் வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது. இந்திய நிதியில் கட்டி 2023 இல் மக்களிடம் கையளித்த கலாசார மையம், இப்போது திருவள்ளுவர் பெயரோடு பொது நூலகத்துக்கு அருகில் நிற்கிறது. அதன் அரங்கில் சுமார் 600 பேர் இருந்து பார்க்கலாம். சந்தோஷம்தான். ஆனால் அரங்கு மேடையேற்றும் நாளுக்கு உரியது. அதற்கு முன் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க, மத்தளத்தோடு ஆடிப் பழக மாதக்கணக்கில் ஓர் இடம் வேண்டும். உடுப்புப் பெட்டிகளை வைத்துப் பூட்ட ஓர் அறை வேண்டும்.

கிராமங்களில் கோயில் வீதியும் தேவாலய வளவும் சனசமூக நிலையமும் இன்றும் கைகொடுக்கின்றன. நகருக்குள்தான் சிக்கல். 2009 க்குப் பிறகு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெரிய கடைகளும் வந்தன. கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு பரப்புக் காணி வாங்குவதை, சந்தாப் பணத்தில் ஓடும் மன்றம் நினைத்தும் பார்க்க முடியாது. வாடகைக்குப் போனால் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். நல்ல மனத்தோடு வாய்ப்பேச்சில் தருவார்கள். காணிக்கு நல்ல விலை வந்ததும் எழும்பச் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. எழுத்தில் நீண்ட குத்தகை இல்லாத இடத்தில் சத்தம் வெளியே போகாமல் சுவரைத் திருத்தவோ மின் இணைப்பை மாற்றவோ எந்தக் குழு காசு போடும்?

காணி விலையில் பேர்போன சான் பிரான்சிஸ்கோவில் 2013 இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். கட்டடத்தை முதலில் அறக்கட்டளை வாங்கிக் கலைக்குழுவுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். குழு சில வருடங்களில் பணம் சேர்த்து, சந்தை விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் முன்பு பேசிய விலைக்கே அதை வாங்கிக்கொள்ளலாம். கவுண்டர்பல்ஸ் என்ற நிகழ்த்துகலை அமைப்பு 2023 இல் அப்படித்தான் தன் கட்டடத்துக்கு உரிமையாளரானது.

அங்கே பெரிய கொடையாளர்கள் உதவினார்கள், உண்மை. நமக்கும் கோயில் கோபுரத்துக்கும் படித்த பள்ளிக்கும் அள்ளிக்கொடுக்கும் புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பூட்டிய வீட்டை ஒரு மன்றம் நேரே போய்க் கேட்டால், "நாளைக்கு எழும்பமாட்டோம் என்றால் என்ன செய்வது, வழக்குப் பேசவா?" என்ற பயம் வரும். நியாயமான பயம். சபை நடுவில் நின்று, பத்து வருடக் குத்தகையைத் தன் பெயரில் எழுதி, மன்றங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கலாம். அப்படி வீடு தருபவருக்கு, வீட்டுக்குச் சபை அறவிடும் சோலைவரியில் சலுகை கொடுக்க வழியுண்டா என்றும் பாருங்கள்.

அதற்குக் காலம் எடுக்கும், சரி. இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சபைக்குச் சொந்தமான கட்டடங்களில் அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டப்படும் அறைகளின் பட்டியலை வெளியிடுங்கள். யாருக்கு, எத்தனை மணி நேரம், என்ன கட்டணம் என்பதை விதியாக எழுதி ஒட்டுங்கள். முகம் பார்த்துக் கொடுக்கும் நிலை வந்தால் பதிவும் செல்வாக்கும் இல்லாத இளம் குழுக்கள்தான் முதலில் வெளியே நிற்கும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன் நகரில் இயங்கும் மன்றங்களை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். எங்கள் வரவு செலவுக் கணக்கோடு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இடம் தேடும் நாடகக்காரி ஒருத்தி