ஒப்பந்தத் தொகைக்குப் பக்கத்தில் வயதையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிக்கெட்டே மூச்சாக இருக்கும் ஊரில் அமெரிக்க பேஸ்பால் செய்திக்கும் தங்கள் விளையாட்டுப் பக்கம் இடம் கொடுப்பது நல்ல விஷயம். ஆனால் ஒப்பந்தச் செய்தி என்றால் தலைப்பில் தொகை மட்டும்தான் நிற்கிறது. ‘76.5 கோடி டாலர்’, ‘70 கோடி டாலர்’. அடுத்த வரியில் அதன் ரூபாய் மதிப்பு. அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. வீரருக்கு இப்போது என்ன வயது, ஒப்பந்தம் முடியும்போது என்ன வயது, எந்த ஆண்டில் எவ்வளவு பணம் கைமாறும் என்பதெல்லாம் இல்லாமல் அந்தத் தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் மெட்ஸ் அணியோடு அந்த 76.5 கோடிக்கு 15 ஆண்டுக்குக் கையெழுத்திட்ட ஹுவான் சோட்டோவுக்கு வயது 26. 31 வயதுக்காரருக்குப் பத்தாண்டு எழுதித் தருவது வேறு வியாபாரம்.

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ பழைய லாரிக்குக் கடன் கேட்டுப் போனவர்களுக்கு இது தெரியும். ஃபைனான்ஸ்காரர் ஆர்.சி. புக்கை வாங்கி முதலில் தயாரிப்பு ஆண்டைப் பார்ப்பார். வண்டியின் வயதையும் தவணை ஓடப்போகும் ஆண்டுகளையும் கூட்டுவார். கூட்டுத்தொகை அவர் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் தவணைக் காலத்தைக் குறைப்பார். இல்லையென்றால் கையை விரிப்பார். வண்டி இன்றைக்கு ஓடுகிறதா என்பது அவருக்கு அப்புறம்தான். கடைசித் தவணை கட்டும் மாதத்தில் ஓடுமா என்று முதலில் பார்ப்பார். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேஸ்பால் கிளப்புகள் பல இந்தக் கூட்டலைப் போடாமலே கையெழுத்திட்டன.

ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் ஆல்பர்ட் புஹோல்ஸ் கணக்கை வரிவரியாகப் பார்க்கலாம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 11 சீசன், 445 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல), சராசரி 0.328 (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 328 ஹிட்), மூன்று முறை எம்.வி.பி. எனும் மிக மதிப்புமிக்க வீரர் விருது. 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்குப் பத்தாண்டுக்கு 24 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதைப் பிரித்த விதம்தான் கவனிக்க வேண்டியது: 2012-இல் 1.2 கோடி, 2013-இல் 1.6 கோடி, 2014-இல் 2.3 கோடி, அதன்பின் ஆண்டுக்குப் பத்து லட்சம் வீதம் ஏறி 2021-இல் 3 கோடி. 32 வயதில் வாங்கியதைப் போல இரண்டரை மடங்கு 41 வயதில். முதல் சில ஆண்டு கைச்செலவு குறைகிறதே என்று கிளப் இப்படி எழுதியது. 2013-இல் உள்ளங்கால் தசைநார் கிழிந்து ஜூலையோடு அவருடைய சீசன் முடிந்தது. ஏஞ்சல்ஸுக்கு ஆடிய காலம் முழுவதற்கும் சராசரி 0.256, ஹோம் ரன் 222. அந்தப் பத்தாண்டில் அணி பிளே-ஆஃப் போனது 2014-இல் ஒரே முறை. அதிலும் மூன்று ஆட்டத்திலும் தோல்வி. 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். மீதிச் சம்பளம் ஏஞ்சல்ஸ் தலையில். அவரை எடுத்துக்கொண்ட டாட்ஜர்ஸ் கொடுத்தது லீகின் குறைந்தபட்சச் சம்பள விகிதம் மட்டும். அடுத்த ஆண்டே கார்டினல்ஸ் அவரை 25 லட்சம் டாலருக்கு, ஓராண்டுக்கு மட்டும் எடுத்தது. 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703-இல் முடித்தார். ஆள் அவரேதான். ஒப்பந்தத்தின் நீளம்தான் வேறு.

வயது ஏன் இவ்வளவு கடுமையாகக் கடிக்கிறது? பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து மட்டைக்காரர் முன்னால் இருக்கும் ஹோம் பிளேட் வரை 18.44 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டரில் வரும் பந்து அதைக் கடக்க 0.4 விநாடிதான் ஆகும். மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 விநாடி போய்விடுகிறது. மிச்சத்துக்குள் பந்தைப் பார்த்து, வகை பிரித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். முப்பதைத் தாண்டி மட்டை வேகம் இம்மி குறைந்தாலும், அந்த நேரத்தை முடிவெடுக்கும் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே மட்டையைக் கிளப்புவார். வளைந்து விழும் பந்தில் மாட்டுவார். அதற்குப் பயந்து காத்திருந்தால் வேகப்பந்து தாண்டிப் போய்விடும். நல்ல ஹிட்டர்கள் 26, 27 வயதில் உச்சத்தில் இருப்பதும், 33-க்குப் பிறகு பலர் படிப்படியாக இல்லாமல் சட்டென்று சரிவதும் இதனால்தான்.

காலும் சேர்ந்து போகும்போது ஆடும் இடம் மாறுகிறது. நிறைய ஓட வேண்டிய ஷார்ட்ஸ்டாப்பிலோ சென்டர் ஃபீல்டிலோ இருந்தவரை ஓரத்துக்கு நகர்த்துவார்கள், பிறகு ஓட்டம் குறைந்த ஃபர்ஸ்ட் பேஸ், கடைசியில் ஃபீல்டிங்கே இல்லாமல் மட்டை மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர். ஃபர்ஸ்ட் பேஸிலேயே வாழ்ந்த கனத்த உடம்புக்காரருக்கு இறங்க ஒரே படிதான் பாக்கி. ஆகவே பத்தாண்டு ஒப்பந்தத்தில் மிக அதிகம் கை சுட்டவர்கள் அந்த இடத்துக்காரர்களை வாங்கியவர்களே.

அடுத்த தவறு, அவசரப்பட்டுக் கையெழுத்திடுவது. ரயன் ஹோவர்டுக்குப் பழைய ஒப்பந்தத்தில் இரண்டு சீசன் பாக்கியிருந்தபோதே, 2010 ஏப்ரலில் ஃபில்லீஸ் அணி 5 ஆண்டுக்கு 12.5 கோடி டாலர் நீட்டிப்புக் கொடுத்தது. அது 2012-இல் தொடங்க வேண்டியது. 2011 அக்டோபர் 7, பிளே-ஆஃபின் கடைசி அவுட். ஓடக் கிளம்பிய ஹோவர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. புது ஒப்பந்தத்தின் முதல் நாள் வருவதற்கு முன்பே சரக்கு பழுது. மிகுவேல் கப்ரேராவுக்கும் டைகர்ஸ் இதையே செய்தது. 2014 மார்ச்சில் கையெழுத்து, 2016-இல் தொடக்கம், 8 ஆண்டு, 24.8 கோடி டாலர். முதல் சீசனில் வயது 33, கடைசி சீசனில் 40. 2016-இல் 38 ஹோம் ரன் அடித்தார், அது வரவு. 2017-இல் முதுகுத் தட்டுக் கோளாறோடு சராசரி 0.249, 2018-இல் கைத்தசை அறுந்தது. கடைசி இரண்டு ஆண்டும் சம்பளம் தலா 3.2 கோடி. இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் வேறு கிளப் கொத்திக்கொண்டு போகுமே என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். ரேக்ளாவில் ஜெயித்த அன்றைக்கே அந்தக் காளைக்கு விலை பேசுகிறவரும் இதையேதான் சொல்வார். கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் கை விடுவதில்லை.

ஜெயித்த அன்றைக்கு விலை பேசியதற்கும் ஓர் இரட்டைச் சான்று இருக்கிறது. 2019-இல் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற நேஷனல்ஸ் அணியில் இருந்தவர்கள் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், ஆன்டனி ரெண்டன். அந்த டிசம்பரில் இருவருக்கும் ஒரே அளவு: 7 ஆண்டு, 24.5 கோடி டாலர். ஸ்ட்ராஸ்பர்க்கை நேஷனல்ஸே வைத்துக்கொண்டது. அதன்பின் அவர் பந்து வீசியது 8 ஆட்டத்தில், 2024-இல் ஓய்வு. ரெண்டனை ஏஞ்சல்ஸ் எடுத்தது (புஹோல்ஸ் பாடம் அங்கே ஏறவில்லை போலிருக்கிறது). ஒரு சீசனில்கூட அவர் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. முழு சீசன் 162 ஆட்டம் (2020-இல் மட்டும் 60).

கிளப்புகள் முட்டாள்கள் இல்லை. முறை அப்படி இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடியும் வரை வீரர் கிளப்பின் கட்டுப்பாட்டில்தான். முதல் மூன்று ஆண்டு கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத்தைத் தீர்மானிக்கும் தீர்ப்பாளர் முன் பேரம். 23 வயதில் வந்தவர் சுதந்திரமாகச் சந்தைக்கு வரும்போது 29 ஆகிவிடும். நல்ல வயதில் குறைவாக வாங்கியதைச் சேர்த்து அப்போதுதான் கேட்க முடியும். வீரர் கேட்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நீளத்துக்கு இன்னொரு காரணம் லீக் வசூலிக்கும் சொகுசு வரி. அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் (2025-இல் 24.1 கோடி டாலர்), தாண்டிய தொகைக்கு முதல் ஆண்டு 20, தொடர்ந்தால் 30, மூன்றாம் ஆண்டு 50 சதவீதம். இந்தக் கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் எடுபடும். ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 2022 டிசம்பரில் பாட்ரெஸ் கொடுத்த 28 கோடியை 8 ஆண்டுக்குப் பிரித்தால் சராசரி 3.5 கோடி, 11 ஆண்டுக்கு இழுத்தால் 2.55 கோடி. கடைசி மூன்று ஆண்டு வரியை மிச்சம் பிடிக்க ஒட்டிய வால். அப்போது அவர் 40-ஐத் தொட்டிருப்பார்.

தள்ளிக் கொடுக்கும் பணம் இன்னும் வேடிக்கை. பாபி பொனியாவுக்கு 2000-இல் தர வேண்டிய 59 லட்சம் டாலரை மெட்ஸ் 8 சதவீத வட்டியோடு தள்ளி வைத்தது. 11 ஆண்டில் அது சுமார் 1.38 கோடியாக வளர்ந்தது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் 11.93 லட்சம் போகிறது. ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2016-இல் 7 ஆண்டு, 16.1 கோடி டாலர் வாங்கினார். 2018-இல் சராசரி 0.168, அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் இல்லை. 2021-இல் ஓய்வு. தள்ளி வைத்த 4.2 கோடி 2037 வரை போகும். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓதானி ஒப்பந்தத்தின் 70 கோடியில் 68 கோடி இப்படித்தான்: இப்போது ஆண்டுக்கு 20 லட்சம், 2034 முதல் பத்தாண்டு தலா 6.8 கோடி, வட்டி இல்லை. ஆண்டுக்கு 4.4 சதவீதம் கழித்தால், பத்தாண்டு கழித்து வரும் 6.8 கோடியின் இன்றைய மதிப்பு 4.4 கோடி. கையில் தரும் 20 லட்சத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 4.6 கோடி. லீகின் வரிக் கணக்கிலும் அவர் அந்த அளவில்தான் இருக்கிறார். ‘70 கோடி’ என்று தலைப்பிட்டால் பாரம் உண்மையைவிட அதிகமாகத் தெரிகிறது.

பேஸ்பாலில் எழுதிய பணம் எழுதியதுதான். வீரரை நீக்கினாலும் நிற்காது. காப்பீடு காயத்துக்கு உண்டு, ஆட்டம் மங்கியதற்கு எந்தக் கம்பெனியும் தராது. நடுவில் விலகும் உரிமையை வீரருக்குக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: நன்றாக ஆடுகிறவர் விலகி விலையை ஏற்றுவார், மங்கியவர் இருந்தே கழிப்பார். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2007-இல் அப்படி விலகி, 32 வயதில் யாங்கீஸிடம் மறுபடி பத்தாண்டுக்கு 27.5 கோடி வாங்கினார்.

வயதானவரை வாங்கவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரெடி ஃப்ரீமன் 2022-இல் 32 வயதில் டாட்ஜர்ஸுக்கு வந்தார். 6 ஆண்டு, 16.2 கோடி. 2024 உலகத் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். நம் பக்கத்தில் தோனியை 2025 சீசனுக்குச் சென்னை அணி 4 கோடி ரூபாய்க்கு வைத்துக்கொண்டது. 2022-இல் அவர் விலை 12 கோடி. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டு ஆனவரைக் குறைந்த விலையில் வைத்துக்கொள்ள ஐ.பி.எல். விதி இடம் கொடுத்ததால் விலை ஆளின் வயதோடு சேர்ந்து இறங்க வழியிருந்தது.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தி வரும்போது நான்கு விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: ஒப்பந்தம் தொடங்கும் வயது, முடியும் வயது, முதல் ஆண்டுச் சம்பளமும் கடைசி ஆண்டுச் சம்பளமும், தள்ளி வைத்த தொகை. இரண்டு வரி போதும்.

ரூபாய்க் கணக்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புஹோல்ஸின் 24 கோடி டாலரை 85 ரூபாயால் பெருக்கினால் 2,040 கோடி வரும். ஆனால் அவர் கையெழுத்திட்டபோது டாலர் 52 ரூபாய் சொச்சம். அன்றைய மதிப்பு 1,250 கோடிதான். பழைய ஒப்பந்தத்துக்கு அந்த மாதத்து விலையைப் போடுங்கள். ஓதானியின் கடைசித் தவணை 2043-இல். அதை டாலரிலேயே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தணிக்கையாளர் ஒருவர்,
பீளமேடு, கோவை