வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

திருநெல்வேலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் கவிதைகள். ஒருவழியாகத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது.

சிறிய புத்தகம்தான். மூன்று பாரம், 48 பக்கம். எழுபதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன், 36 மிஞ்சின. கழித்தவற்றில் நடந்தது குறைவு, நான் பேசியது அதிகம். மிஞ்சியவற்றிலும் பலவற்றின் கடைசி இரண்டு மூன்று வரிகளை அடித்தேன். கல்லூரி நாட்களில் என் நோட்டில் நீ பென்சிலால் கோடு போட்டதும் அதே இடங்களில்தான். அன்று உன்னோடு சண்டை போட்டேன். 24 கவிஞர்களைச் சேர்த்து 1962இல் சி.சு. செல்லப்பா கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பை, ஒரே பிரதியை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தோமே, அந்த நாட்கள்.

நடுவில் குறுந்தொகையை மறுபடி எடுத்தேன். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. அதற்குள் ஒருத்தியின் தூங்காத இரவு முழுவதும் அடங்கிவிடுகிறது. செம்மண்ணில் விழுந்த மழையைப் பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர்க்காரனைச் சொன்னவர் ஓரேருழவனார். பெயர் போய், பார்த்த காட்சியே பெயராகிவிட்டது. இதைவிடப் பெரிய பேறு கவிஞனுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இரண்டு எழுதியிருந்தேன். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடியதைச் சொன்னதை எடுத்துவிட்டேன். ஊரே கைபேசியில் பிடித்துவைத்த காட்சி அது. வெள்ளம் வடிந்த பிறகு, எதிர்வீட்டு அக்கா நனைந்த கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, ஒவ்வொரு படமாக மொட்டைமாடியில் காயவைத்தார். பறக்காமலிருக்கக் கூழாங்கல் வைத்தபோது, எந்த முகத்தின் மேலும் படாமல் ஓரமாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். அது இருக்கிறது.

இனி, உன்னிடம் கேட்க வேண்டியது. கடைசிக் கவிதை உன்னைப் பற்றியது. உன் அப்பா இறந்த மறுநாள் காலை, காடாற்றுக்குப் புறப்படும் முன், வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து, மணலைத் தட்டி, அவர் வழக்கமாக விடும் இடத்திலேயே வைத்தாய். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் கழித்து இப்போதுதான் ஒன்பது வரியாக எழுத வந்தது. உன் பெயரோ ஊரோ அதில் இல்லை. ஆனாலும் உன்னைக் கேட்காமல் அச்சிட எனக்கு மனம் வரவில்லை. தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல். அந்தப் பக்கத்துக்கு வேறொன்று இருக்கிறது.

வேண்டும் என்றால், எட்டாவது வரியை மட்டும் பார். 'மெல்ல' என்று ஒரு சொல் இருக்கிறது. நீ மெல்லத்தான் வைத்தாயா, இல்லை இத்தனை வருடத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டதா? வெள்ளிக்கிழமை மெய்ப்பு வருகிறது. அதற்குள் எழுது, முடியாவிட்டால் போன் செய்.

அன்புடன்,
உன் நண்பன்