த்ரீ நாட் த்ரீயோட தம்பி என் வீட்டுக்கு வந்திருக்கான்

மாப்ள முருகேசா,

நல்லா இருக்கியா, சுகர் எப்படி இருக்கு, தங்கச்சிய கேட்டதா சொல்லு. இங்க நாங்க நல்லா இருக்கோம், மூத்தவ வேலை மாறி டாலஸ் போயிட்டா, எனக்கு முழங்கால் தான் படுத்துது, மத்தபடி குறையில்ல. போன்ல சொன்னா பாதியில சிரிச்சிட்டு வெச்சிடுவ, அதான் எழுதுறேன்.

பழைய ராணுவ ரைபிள் சேக்குற பைத்தியம் எனக்கு இன்னும் தெளியல. இங்க அதுக்குன்னே சி அண்ட் ஆர்னு ஒரு லைசென்ஸ் இருக்குடா, 50 வருஷம் தாண்டுன துப்பாக்கிகளுக்கு, மூணு வருஷத்துக்கு 30 டாலர் கட்டினா போதும், பார்சல் நேரா வீட்டுக்கே வரும், வந்தது போனது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெக்கணும் அவ்வளவுதான். நம்மூர்ல .303, அதான் த்ரீ நாட் த்ரீ, தடை செஞ்ச குழல் அளவு, சாதாரண ஆளு தொட முடியாது, அதுக்குப் பதிலா நம்ம அரசாங்க ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி .315ன்னு போட்டு வித்தாங்களே, அதுக்குள்ள இருந்ததும் த்ரீ நாட் த்ரீயோட அதே லீ என்ஃபீல்டு போல்ட் தான், தோட்டாவ உள்ள தள்ளி தாழ்ப்பாள் மாதிரி அடைக்குமே அது.

முதல்ல வாங்கினது ரஷ்யாக்காரன் மோசின் நாகன்ட். ஒரு காலத்துல இங்க நூறு டாலருக்கும் கம்மியா கடைக்குக் கடை அடுக்கி வெச்சிருந்தாங்க, இப்ப அந்த விலைய கனவுல தான் பாக்கணும். உள்ள வெளிய எல்லாம் காஸ்மோலின், மெழுகு மாதிரி கெட்டி கிரீஸ், கருப்பு குப்பைப் பையில சுத்தி டெக்சாஸ் வெயில்ல போட்டா தான் வழிஞ்சு வரும். தோட்டா உக்கார்ற சேம்பர்ல கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சூடானதும் போல்ட் ஒட்டிக்கும், உள்ளங்கையால தட்டித் தூக்கணும். அப்புறம் அந்தக் காலத்து சோவியத் தோட்டா இருக்கே, அடியில பத்த வெக்கிற பிரைமர் மருந்துல இருந்து உப்பு படியும், வெறும் எண்ணெய் போட்டா உப்பு கரையாது, காத்துல இருக்குற ஈரத்த இழுத்து குழாய துரு புடிக்க வெச்சிடும், அதனால சுட்டு முடிச்ச அன்னைக்கே சுடுதண்ணி ஊத்தி கழுவிட்டு தான் எண்ணெய்.

சுவிஸ் கே31ம் ஒண்ணு இருக்கு. போல்ட்ட தூக்கித் திருப்ப வேணாம், நேரா இழுத்து நேரா தள்ளினா போதும். அதுல ஒரு வேடிக்கை, கட்டையோட பின்பக்கத் தகடு, அதான் பட் பிளேட், அதோட ஸ்க்ரூவ கழட்டினா சிலதுல அடியில ஒரு சீட்டு இருக்கும், அத வெச்சிருந்த சிப்பாய் பேரு, ஊரு, யூனிட்டோட. என்னுதுலயும் இருந்துச்சு, பழுத்துப் போன தாள், எழுத்து மட்டும் தெளிவு. படிச்சுப் பாத்துட்டு அப்படியே திரும்ப வெச்சு மூடிட்டேன்.

சரி விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரு கன் ஷோவுல, துப்பாக்கிச் சந்தை மாதிரி, இஷாப்பூர் 2ஏ1 ரைபிள் மாட்டுச்சு மாப்ள. வங்காளத்துல செஞ்சது, சிங்க முத்திரை, கீழ ஆர்.எஃப்.ஐ, அதாவது ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர், 1967. 1962 சீனா சண்டைக்கப்புறம் கைக்கு ரைபிள் வேணும்னு இருக்கறப்ப த்ரீ நாட் த்ரீயோட பழைய எஸ்எம்எல்இ டிசைனையே நல்ல ஸ்டீல்ல போட்டு 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாத்தினாங்க, நீ தூக்குன த்ரீ நாட் த்ரீயோட தம்பி தான். மேகஜின் சதுரமா இருக்கும், பத்துக்குப் பதிலா 12 ரவுண்டு, குறி பாக்குற சைட்டுல இருக்குற தூர அளவு 2000ல இருந்து 800க்கு இறங்கிடுச்சு. மேகஜினுக்கு முன்னால கட்டைய குறுக்க துளைச்சு ஒரு ஸ்க்ரூ இருக்கு, கட்டை பிளந்துடாம இருக்க நம்மாளுங்க போட்டது. பாக்க ஒண்ணும் அழகில்ல, ஆனா போல்ட் வழுக்கிட்டு போகுது பாரு, தள்ளும்போது தான் ஸ்பிரிங் ஏறும், அதனால தூக்குறது லேசு, தோள்ல இருந்து எடுக்காமயே அடுத்த ரவுண்டு ஏத்திடலாம், மோசின்ல அது நடக்காது. கடையில விக்குற .308, இதே அளவு தோட்டா தான், அதுல மருந்து ஸ்ட்ராங்கான எதையும் இதுல போட மாட்டேன், பழைய ரைபிள், நம்ம மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான்.

ரேஞ்சுல ஒருத்தன் கட்டைய இழைச்சு வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும்னான். எனக்கு கோவம் வந்துடுச்சு. ஆயுதக் கிடங்கு அடுக்குல போட்ட ராக் நம்பர், முத்திரை, கை பட்டு கருத்த இடம் எல்லாம் போயிட்டா அப்புறம் அது வெறும் இரும்பும் கட்டையும் தானே, இதுக்கு எதுக்கு பழசு வாங்கணும். லின்சீட் எண்ணெய் ஒரு கை தேச்சேன், அதோட சரி.

2020 குடியரசு தினத்தோட உ.பி. போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்துட்டாங்கன்னு நியூஸ்ல பாத்திருப்ப. நீ போலீஸ் ஏ.ஆர்.ல (ஆயுதப்படையில) இருந்தப்ப அந்த சனியன் தோள உடைக்குதுன்னு திட்டிக்கிட்டே கவாத்து பண்ணுவ, நான் இங்க காசு கொடுத்து வாங்கி தோள்ல இடி வாங்குறேன், சிரிக்காத. எனக்கு தெரிய வேண்டியது ரெண்டு. பட் பிளேட் மூடிய திறந்தா உள்ள பித்தளை எண்ணெய் புட்டி இருக்கு, குழாய துடைக்கிற புல்த்ரூ கயிறு இல்ல, அத தனியா வாங்கிட்டேன், அத எப்படி சுத்தி உள்ள திணிப்பீங்க, எனக்கு மூடி மூடவே மாட்டேங்குது. அப்புறம் கட்டையில மஞ்சள் பெயிண்ட்ல ஒரு நம்பர் இருக்கு, உங்க ஆயுதக் கிடங்குல அந்த மாதிரி எழுதுவாங்களா, எதுக்கு? போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புறேன், பாத்துட்டு சொல்லு, வாய்ஸ் மெசேஜா போட்டாலும் சரி.

உன்
சேகர்