சீட்டுக்கட்டை எங்க வைக்கறது சார்?

ஆசிரியர் சார், வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுலயே சீட்டு விளையாட்டு தயாரிக்கறது பத்தி ஒரு கட்டுரை வந்துச்சுல்ல, நல்லாவே எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா அதுல மாதிரிக்குன்னு ஒரு கேம் குடுத்திருந்தாங்க பாருங்க, 4 பேர், ஆளுக்கு 16 கார்டு, நாலு நாலா நாலு வரிசை அடுக்கணும்னு. நான் ஸ்கேல் எடுத்து அளந்து பாத்தேன். சாதாரண சீட்டு ஒண்ணு 2.5 இஞ்ச் அகலம், 3.5 இஞ்ச் உயரம், அப்போ நாலு வரிசைக்கு 14 இஞ்ச் ஆச்சு, எதிர்ல உக்காந்திருக்கறவருக்கும் ஒரு 14, மொத்தம் 28. எங்க டேபிள் அகலமே 30 இஞ்ச்தான். நடுவுல மிஞ்சறது 2 இஞ்ச், அதுல ஒரு கார்டைப் படுக்க வச்சாக்கூட கொள்ளாது, அப்புறம் கட்டை எங்க வைக்கறது, மடியிலயா?

இதை ஏன் சொல்றேன்னா இதே தப்பை நானும் பண்ணினவன். ரொம்ப நாளா ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன், எல்லாம் தரையில உக்காந்தே ஆடிப் பாத்தது, தரைக்குத்தான் ஓரமே கிடையாதே. ஆளுக்கு வரிசையா 7 கார்டு, நிமித்தி வச்சா 17.5 இஞ்ச், 4 அடி நீள டேபிள்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேர்னா ஆளுக்கு 24 இஞ்ச் வருது, தாராளம்னு நெனச்சுட்டேன். ஆனா என் ரூல்ஸ்படி பயன்படுத்தின கார்டைக் குறுக்கத் திருப்பணும், திருப்பினா ஒண்ணு 3.5 இஞ்ச் பிடிக்கும், ஏழும் திரும்பினா 24.5! முதல் தடவை டேபிள்ல ஆடின அன்னிக்கு என் ஏழாவது கார்டு பக்கத்து ஆளோட வரிசைல போய் நின்னுச்சு, அவர் அதையும் சேத்து எண்ணி ஜெயிச்சும் போயிட்டார், ஒரே சண்டை.

கார்டைச் சின்னதாக்கிப் பாத்தேன், எழுத்தும் பொடியாகி எதிர்ல இருக்கறவருக்குத் தெரியல, கலைக்கவும் கைக்கு வரல. அப்புறம்தான் பழைய சீட்டுக்கட்டையே உத்துப் பாத்தேன். மூலைல குட்டியா நம்பரும் சின்னமும் போட்டிருக்கே, அது ஆதியிலேர்ந்து இருந்ததில்ல, 19-ம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு, கைல விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சா ஓரம் தெரிஞ்சாலே போதும்ல, அதுக்குத்தான். கைக்கு ஆகறது டேபிளுக்கு ஆகாதா என்ன, எல்லா விஷயத்தையும் இடது ஓரத்துல முக்கால் இஞ்ச் பட்டைக்குள்ள கொண்டாந்துட்டேன், ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சா 7 கார்டும் 7 இஞ்ச்ல முடிஞ்சுது. திருப்பற வேலையையும் விட்டாச்சு, கார்டை அரை இஞ்ச் மேல தள்ளி வச்சா அது பயன்படுத்தினது, அவ்ளோதான்.

இப்பல்லாம் ரூல்ஸ் எழுதறதுக்கு முன்னாடியே தரையில 30க்கு 48 இஞ்ச்ல டேப் ஒட்டிடறேன், அதுக்குள்ள தண்ணி கிளாஸ், மார்க் எழுதற நோட்டு, ரெண்டு போன் எல்லாம் வச்சுட்டு மிச்ச இடத்துலதான் கேம். முழங்கைக்கும் இடம் வேணும், அதை எல்லாரும் மறந்துடறோம்.

உங்க கட்டுரை கேமையும் காப்பாத்திடலாம் சார், நம்பரைக் கார்டோட மேல் 1 இஞ்சுக்குள்ள போட்டு வரிசையை ஏத்தி ஏத்தி அடுக்கச் சொல்லுங்க, 14 இஞ்ச் 6.5 ஆயிடும், நடுவுல 17 இஞ்ச் காலியா கிடைக்கும். திருத்தம் போடறதா இருந்தா கொஞ்சம் சீக்கிரம் போடுங்க, நான் ஏற்கனவே 64 கார்டு வெட்டி வச்சுட்டு உக்காந்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்