எந்திரம் எழுத இந்தப் பட்டைதான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் சுக்கு வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவர், உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் பரிகாரத்துக்குச் சொல்கிற பூர்ஜ பத்திரத்தைக் கேட்க, கடைக்காரர் டப்பாவிலிருந்து அப்பளம் மாதிரி சுருண்ட ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். எந்திரம் எழுதித் தாயத்தில் வைக்கவாம். அது எந்த மரத்துப் பட்டை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அது இமயமலையின் பிர்ச் மரம், அங்கே போஜ் என்றால்தான் புரியும். ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேலே, மற்ற மரங்கள் நின்றுபோகும் உயரத்தில், பனியின் பாரத்தில் வளைந்து நெளிந்து நிற்கும். பட்டை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும், அதில் மெழுகுப் பசை இருப்பதால் தண்ணீர் இறங்காது, லேசில் மக்கவும் செய்யாது. நமக்குப் பனையோலை எப்படியோ காஷ்மீரத்துக்கும் காந்தாரத்துக்கும் இது அப்படி. என்ன, ஓலையில் எழுத்தாணியால் கீற வேண்டும், இதில் மை தொட்டே எழுதலாம். பெஷாவர் பக்கம் பக்ஷாலியில் 1881-இல் மண்ணுக்கடியில் கிடைத்து இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிற கணக்குச் சுவடி, பூஜ்யத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறதே, அது இந்தப் பட்டையில் எழுதியதுதான். மலைக்காரர்கள் கூரையில் இதைப் பரப்பி மேலே மண் போட்டார்கள், மழை ஒழுகாது. ஈரமாக இருந்தாலும் சட்டென்று தீப்பிடிக்கும்.

அந்தக் கடைசிக் குணம்தான் வினையாகிப் போனது. கங்கோத்ரியிலிருந்து, கங்கை பிறக்கும் கோமுக் போகும் பாதையில் 14 கிலோமீட்டர் நடந்தால் போஜ்பாசா, போஜ் மரங்கள் வாழும் இடம் என்று பெயர். சில வருடங்களுக்கு முன் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். பெயர்ப்பலகைதான் இருந்தது, தோப்பைக் காணோம். யாத்திரைக்காரர்களின் டீக்கும் ரொட்டிக்கும் அடுப்பெரித்தே தீர்த்துவிட்டார்கள். ஹர்ஷவந்தி பிஷ்ட் என்ற மலையேற்ற வீராங்கனை அங்கே கன்று நட்டு வளர்க்கப் பாடுபட்டார், ஆனால் அந்தக் குளிரில் ஒரு கன்று ஆள் உயரம் வருவதற்குள் நமக்கு வயதாகிவிடும்.

தானாக உரியும் மேல்தோலை எடுத்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை. கத்தி போட்டு உள்பட்டை வரை சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். டப்பாவில் இருந்தது எப்படி எடுத்தது என்று கேட்டேன், "டெல்லியிலிருந்து வருது சார்" என்றார் கடைக்காரர். பரிகாரம் எழுதும் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் பூர்ஜ பத்திரம் என்று போடுவதை நிறுத்தினால் நல்லது. அதே கடையில் அடுத்த தட்டிலேயே செப்புத் தகடு அடுக்கி வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்